லப்பைக்குடிக்காட்டு மாடியில் ஆறு பந்து

திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கியதும் முதல் காரியமாக என் பந்து ஒன்றின் வயிற்றைக் கிழித்தார்கள். கிழித்த அதிகாரி நல்ல மனிதர்தான். "இது என்னம்மா, ஆறு பொட்டலம்?" என்று கேட்டார். பொட்டலம் இல்லை சார், ஜக்லிங் பண்ற பந்து என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மூன்றை எடுத்து அங்கேயே சுழற்றிக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவரும் வாய்நிறையச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இருந்தாலும் ஒண்ண மட்டும் பிரிச்சுப் பாத்துருவோம்" என்று பிளேடை எடுத்தார். உள்ளேயிருந்த பிளாஸ்டிக் மணிகள் தரையெல்லாம் ஓடின. குனிந்து பொறுக்குவதா, கோபப்படுவதா என்று தெரியாமல் ரெண்டையும் அரைகுறையாகச் செய்துவிட்டு வெளியே வந்தேன்.

நான் மலேசியாவில், ஈப்போவில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் பிடித்த பைத்தியம் இது. சனிக்கிழமை சாயந்திரங்களில் மைதானத்துக்குப் பக்கத்தில் ஐந்தாறு பேர் கூடி எறிவோம். மூன்று பந்தைத் தனியாகச் சுழற்றுவது ஒரு சுகம். ஆனால் எதிரே ஒரு ஆளை நிறுத்தி, ஆளுக்கு மூன்றாகச் சுழற்றிக்கொண்டே, ஒரே தாளத்தில் நான் அவருக்கு ஒன்று எறிய, அவர் எனக்கு ஒன்று எறிய, ஆறு பந்தும் ரெண்டு பேருக்கும் பொதுவாகிவிடும் பாருங்கள், அது வேறு ருசி. பிறகு கூட்டம் கலைந்துபோனது. ஒருவர் கோலாலம்பூருக்கு மாறினார், ஒருத்திக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. நான் போனை பெஞ்சில் சாய்த்து வைத்து, கற்றுத் தருகிறேன் பேர்வழி என்று தமிழில் வீடியோ போட ஆரம்பித்தேன். பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒருவர் கீழே கேட்டிருந்தார்: "இதைப் பொம்பளைங்க வீட்டு மாடியில் கத்துக்கலாமா?"

அவர்தான் மைமூன் லாத்தா. லாத்தா என்றால் அவர்கள் வீட்டுப் பேச்சில் அக்கா. பெரம்பலூர் பக்கம் லப்பைக்குடிக்காடு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். வீட்டுக்காரர் ஷார்ஜாவில், மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தாச்சு, வீட்டில் ஒற்றை ஆள். வீடியோவில் முகம் காட்ட மாட்டார். பேச்சு மட்டும்தான். மூன்று வருஷமாக அவர் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு எறிவார், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். தப், தப், தப் என்று சத்தம் வரும். தாளம் சரியாக இருந்தால் "ம்" என்பேன். எங்கள் வகுப்பு அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் சொன்னார், "கொடியில பழைய மெத்தையைத் தொங்கவுட்டு அதுக்குத்தான் எறியறேன் தேவி. மெத்தை எப்பம்மா திருப்பிக் குடுத்துருக்கு? எதிர்ல ஒரு ஆளு நிக்கணும். வுழாம நூறு போடணும். ஒரு தடவ போதும்." மறுவாரமே லீவு எழுதிக் கொடுத்தேன். "பந்து எறியறதுக்கா ஒருத்தி இந்தியா போவா?" என்று என் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு ஐந்து நாள் இருந்தது.

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சித்திரை வெயில் என்றால் என்ன என்று ஈப்போக்காரிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஊர் வெயிலில் வேர்க்கும். இந்த வெயிலில் வேர்வையும் காய்ந்துவிடுகிறது. ரோட்டோரம் அறுத்துப்போட்ட மக்காச்சோளத் தட்டை, அதற்கப்பால் ஒன்றுமில்லாத வானம். கண் சொருகிச் சொருகி விழித்தபோது முன் சீட்டில் ஒருவர் போனில், "வூட்டுல சொல்லிட்டுத்தான் வந்துருக்கேன், சாயங்காலம் போயிட்டு வரேன்னு" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். மறுமுனையில் இருந்தவர் நம்பவில்லை போலிருக்கிறது.

மைமூன் லாத்தா வாசலிலேயே நின்றார். நான் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிடப் பெரிய சிரிப்பு. "வாம்மா, பசியாறிட்டியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலைப் பலகாரத்துக்கு இந்த வார்த்தையை மலேசியத் தமிழர்தான் சொல்வோம் என்று இத்தனை வருஷம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். வேறு நாட்டுக்கு வந்த மாதிரியே இல்லாமல் போனது. நடுப்பகல் தாண்டியும் எனக்காக எடுத்துவைத்த இடியாப்பமும், ஆணம் என்று அவர்கள் சொல்கிற கறிக்குழம்பும் வந்தன. கணக்கு வைக்காமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கையோடு கிழிந்த பந்தைக் காட்டினேன். "அல்லாவே, பச்சப்புள்ள வயித்தக் கிழிச்ச மாதிரில்ல கிழிச்சிருக்கான்!" என்று மடியில் வாங்கிக்கொண்டார். உள்ளே நிரப்ப மணி இல்லை. மூலையில் இருந்த சாக்கிலிருந்து ஒரு கை மக்காச்சோளம் அள்ளிப் போட்டுத் தைத்தார். அவருடைய பந்துகளே அப்படித்தான்: பழைய கைலித் துணி, உள்ளே சோளம். போன மாசம் எலி ஒன்றைக் கடித்து மாடிப்படியெல்லாம் சோளம் என்றார். தைத்து முடித்த பந்து மற்ற ஐந்தைவிடக் கொஞ்சம் கனம். கையில் விழும்போது நானும் இருக்கிறேன் என்றது.

மறுநாள் விடிந்ததும் மாடிக்குப் போனோம். அக்கம்பக்கம் பார்க்காமலிருக்கக் கொடி நிறையக் கைலியும் போர்வையும். காற்று அடிக்கும்போதெல்லாம் அவை உப்பி உப்பி அடங்கின. வெள்ளாற்று மணல் அந்தப் பக்கம் வெளுப்பாகக் கிடந்தது. ஆளுக்கு மூன்று பந்து, நடுவில் ஐந்தடி இடைவெளி. முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு "பிஸ்மில்லா" என்றார் லாத்தா. ஒன்று, இரண்டு, மூன்று, எறி.

ரெண்டு பந்தும் நடுவானத்தில் நேருக்கு நேர் முட்டிக் கீழே விழுந்தன.

பரவாயில்லை என்றேன். மறுபடி எறிந்தோம், மறுபடி முட்டியது. பத்துத் தடவை எறிந்து பத்துத் தடவையும் முட்டியது. என் வலது கைக்கு எதிரே இருப்பது அவருடைய இடது கை. நான் வலது கையால் நேராக எறிகிறேன், அவர் பிடிக்க வேண்டிய இடது கையாலேயே எறிகிறார். ஒரே பாதையில் ரெண்டு வண்டி வந்தால் முட்டாமல் என்ன செய்யும்?

"லாத்தா, வலது கையால எறியணும்."

"நீ பீச்சாங்கையாலதானம்மா எறியறே? வீடியோவுல பாத்துத்தானே பழகினேன்."

போனை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கக் கேமராவில் எடுத்தவை அத்தனையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகப் பதிந்திருந்தன. சட்டையில் இருந்த எழுத்துகூடத் தலைகீழாக, இல்லை, பக்கம் மாறித்தான் தெரிந்தது. மூன்று வருஷமாக ஒருநாள்கூட நான் என் வீடியோவை நிதானமாகப் பார்த்ததில்லை. சொல்லிக் கொடுக்க வந்துவிட்டேன், பெரிய வாத்தியார் மாதிரி!

லாத்தா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "மொதல்ல எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சும்மா. ஒருத்தருக்கு ஒண்ணு குடுக்கறத பீச்சாங்கையாலயா குடுக்கறதுன்னு. இந்த வெளையாட்டுக்கு இதுதான் மொறை போலன்னு மனச தேத்திக்கிட்டேன். கை கேக்கறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிக்கவும் இல்லை.

சாயந்திரம் மறுபடி மாடியில் நின்றோம். வலதுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயரமாக எறிந்து பார்த்தோம், ஒதுங்கி நின்று பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தரை மணிக்குச் சுவர் மேலிருந்த போன் அடித்தது. கையிலிருந்த பந்தையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு லாத்தா ஓடினார். ஷார்ஜாவில் அப்போது நாலு மணி, வீட்டுக்காரருக்கு டீ நேரம். பேசி முடித்துவிட்டு வந்து சொன்னார், "இருபத்தோரு வருஷமா ரெண்டாவது மணி அடிக்க வுட்டதில்லம்மா. அங்க தனியா கெடக்குற மனுஷன். நாம எடுக்கலேன்னா என்னமோ ஏதோன்னு பதறிடும்." பெருமையாகத்தான் சொன்னார், முகம் மட்டும் கொஞ்சம் களைத்திருந்தது.

மூன்றாம் நாள் லாத்தா என்னை வீட்டைவிட்டே துரத்தினார். "கைக்கு ஓய்வு குடு. உடையார்பாளையம் பக்கம் போயி முந்திரி வாங்கிட்டு வா, உங்க ஊருக்குக் கொண்டுபோ." நானும் சரியென்று கிளம்பினேன். பையில் மூன்று பந்தை ஒளித்துவைத்திருந்தேன். இடது கையைப் பழக்கிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். அவர் ஒரு வருஷம் பட்ட பாட்டை நான் ஒரு நாளாவது படவேண்டாமா?

அரியலூர் தாண்டி பஸ் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் நத்தையாக ஊர்ந்தது. எங்கும் வெள்ளைத் தூசி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். "வெளியூருங்களா? இது பூராவும் ஒரு காலத்துல கடலுங்க. கல்ல ஒடச்சா உள்ள சங்கு கெடக்கும், எங்க பயலுவ பொறுக்கிட்டு வருவானுவ." பிறகு அவர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை, விழிப்பும் இல்லை. இந்த பஸ், இந்த லாரிகள், அந்தக் கருவேல மரங்கள் எல்லாம் கடலுக்கடியில் இருப்பதாகத் தோன்றியது. தண்ணீருக்குள் பந்து எறிந்தால் எவ்வளவு மெதுவாகப் போகும். முட்டுவதற்கு முன்னால் ஒன்றை ஒன்று பார்த்து, ஒதுங்கி வழிவிடக்கூட நேரம் இருக்கும். அப்படியே எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன், 'டப்' என்று ஒரு சத்தம்.

பஸ்ஸுக்குத்தான் டயர் போயிருந்தது. "எல்லாரும் எறங்குங்க, அரை மணி நேரம் ஆவும்" என்றார் கண்டக்டர். எங்கள் ஊரில் இதற்குள் நாலு பேர் கம்பெனிக்குப் புகார் எழுதியிருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி, ஏதோ விசேஷத்துக்கு வந்த மாதிரி நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். ரோட்டோரம் முந்திரித் தோப்பு. பழுத்த முந்திரிப்பழத்தின் வாசனை கிறங்கடித்தது. நான் ஒரு மரத்தடிக்குப் போய் இடது கையால் எறிந்து பார்த்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. பந்து கிளைக்குப் போனது, சருகுக்குப் போனது, கண்டக்டரின் தோளுக்கும் ஒரு தடவை போனது.

"எந்த சர்க்கஸ்மா?" என்றார் அவர்.

"சொந்த சர்க்கஸ்" என்றேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான்.

தோப்பில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் இடுப்பில் கூடையோடு வந்து வேடிக்கை பார்த்தார். "பீச்சாங்கையால எறியறியே, பொறவிலேயே அப்படியா?"

"இல்லக்கா, இப்பத்தான் பழகறேன். ஒரு சிநேகிதிக்காக."

அவர் கூடையிலிருந்து நல்ல மஞ்சள் பழமாக ஒன்று எடுத்து நீட்டினார். என் வலது கையில் பந்துகள் இருந்ததால் இடது கையை நீட்டினேன். அவர் சட்டென்று பழத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சோத்துக்கையில வாங்கு தாயி" என்றார். பந்துகளைக் கீழே வைத்துவிட்டு வலது கையில் வாங்கினேன். பழம் இனித்துத் தொண்டையைக் கரகரவென்று பிடித்தது. தின்னும்போது லாத்தாவைத்தான் நினைத்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி வாங்குவதற்கே இந்த ஊரில் இடது கை ஆகாது. லாத்தா எனக்காகக் கொடுப்பதற்கே அதைப் பழக்கியிருக்கிறார்.

டயர் மாற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் என் இடது கை பத்துக்கு ஆறு சரியாக எறிந்தது. உடையார்பாளையத்தில் முந்திரி வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் மடியில் கையை மட்டும் அசைத்துப் பழகியபடி திரும்பினேன். பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை.

நான்காம் நாள் காலை மாடியில் நின்றோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, பந்து போய்ச் சேரும்போது பார்க்கட்டும் என்று இருந்தேன். லாத்தா முகத்திலும் ஏதோ ஒரு கள்ளச் சிரிப்பு இருந்தது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, எறி.

நான் இடது கையால் எறிந்தேன். அவர் வலது கையால் எறிந்தார். ரெண்டும் நடுவானத்தில் முட்டிக் கீழே விழுந்தன.

லாத்தா தரையில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "நேத்து பூரா, நீ போனதுலேருந்து, மத்தியானம் உலைகூட வைக்கலம்மா, சோத்துக்கையால எறிஞ்சு எறிஞ்சு தோளு கழண்டுபோச்சு!" நான் முந்திரித் தோப்புக் கதையைச் சொன்னேன். கண்டக்டர் தோளைச் சொன்னதும் மறுபடி ஆரம்பித்தார்.

சிரித்து முடித்ததும் சண்டை வந்தது. தப்பு என்னுடையது, நான்தான் மாற வேண்டும் என்றேன். "நீ நாளைக்குப் பிளேன் ஏறணும், ஒரு நாள்ல ஒனக்கு எப்படி வரும்? நா மாறிக்கிறேன்" என்றார். மூன்று வருஷப் பழக்கத்தை எப்படி மாற்றுவீர்கள் என்று குரலை உயர்த்தினேன். "அப்ப மாறாத, மாறாத, ரெண்டு பேரும் மெத்தைக்கே எறிவோம்" என்று அவரும் உயர்த்தினார். கொஞ்ச நேரம் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கொடியில் கைலிகள் உப்பி உப்பி அடங்கின.

"தேவி, நாம ஏன் ஒரே நேரத்துல எறியணும்?" என்றார் திடீரென்று.

"ஆளுக்கு மூணு இருக்கே லாத்தா. நான் எறிஞ்சா உங்ககிட்ட நாலு ஆயிடும். நீங்களும் அப்பவே எறிஞ்சாத்தான் கை காலியாகும்."

"அப்ப ஒண்ண எடுத்துருவோம். ஒனக்கு மூணு, எனக்கு ரெண்டு. நீ எறி, எனக்கு மூணாவும். பொறவு நா எறியறேன், ஒனக்கு மூணாவும். ஒரு நேரத்துல ஒண்ணுதானே பறக்கும்? எதுலம்மா போயி முட்டும்?"

ஈப்போவில் இதைப் பழகுகிற குழந்தைகளுக்குத்தான் ஐந்து பந்து கொடுப்போம். ஆறு போடத் தெரிந்தவளுக்கு ஐந்து என்பது ஒரு படி இறங்குவது, அது என் மண்டைக்குள் ஏறியே இருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒன்றைக் கழித்தேன். சோளம் வைத்துத் தைத்த கனமான பந்தைத்தான் எடுத்தேன், அது மட்டும் ஒத்துப்போகாது என்று. சுவர் மேல் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவரவர் பழைய கைக்கே திரும்பினோம்.

முதல் பந்து என் வலது கையிலிருந்து போய் அவர் இடது கையில் தப்பென்று உட்கார்ந்தது. அவர் சுழற்றி, அந்த இடது கையாலேயே எறிந்தார். வந்தது. பிடித்தேன். லாத்தா எறிந்த பந்தை ஒரு மனுஷக் கை பிடித்தது அதுதான் முதல் தடவை. "ஆ!" என்று ஒரு சத்தம் போட்டார், அதில் பந்தெல்லாம் விழுந்துவிட்டது. அன்றைக்கு நாற்பத்தொன்று வரைக்கும் போனோம். மதியம் நெய்ச்சோறும் தாளிச்சாவும் சாப்பிட்டுவிட்டு ரெண்டு பேரும் கூடத்துத் தரையிலேயே தூங்கிப்போனோம்.

ஐந்தாம் நாள், கடைசி நாள். காலையில் அறுபத்தேழில் விழுந்தது, பிறகு எண்பத்தெட்டில். அதற்குமேல் வெயில் விடவில்லை. எனக்கு மாலை ஏழு மணிக்குக் கார் சொல்லியிருந்தது. ஐந்தே காலுக்கு ஏறினோம். நாலைந்து தடவை இருபதுக்குள்ளேயே விழுந்தது. லாத்தாவின் உதடு காய்ந்திருந்தது. மூன்று பந்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு "இன்ஷா அல்லா" என்று மறுபடி ஆரம்பித்தார்.

இந்தத் தடவை சத்தமே வேறு. என் கண்ணில் லாத்தா முகம்கூட இல்லை. அவருக்குப் பின்னால் கைலிகள், அதற்குப் பின்னால் மஞ்சளாகிக்கொண்டிருந்த வானம், அதில் ஒரு பந்து போகிறது, ஒரு பந்து வருகிறது. முப்பது. நாற்பது. வருவது பந்துதானா, அரியலூர்க் கடலடியில் கிடந்த சங்கா என்று தெரியாத ஒரு மிதப்பு. ஐம்பத்தைந்து. சுவர் மேல் போன் அடித்தது.

லாத்தா அந்தப் பக்கம் திரும்பவில்லை. எறிந்தார். பிடித்தேன். எறிந்தேன். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எழுபது. மறுபடி அடித்தது. "லாத்தா, போன்" என்றேன்.

"அடிக்கட்டும்" என்றார். "எழுவத்தி நாலு."

அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு நான் எறிந்தேன், தொண்ணூற்றொன்பது அவர் எறிந்தார். நூறாவதை என் கையிலிருந்து விட்டபோது அது என் கையைவிட்டுப் போன மாதிரியே இல்லை. லாத்தா அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சுழற்றிக்கொண்டிருந்த மற்றவை அவர் காலடியில் உருண்டன.

மூன்றாவது முறையாகப் போன் அடித்தது. இப்போது எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குரல் உடைந்து வந்தது. "மைமூனு! என்னாச்சு? வுழுந்துட்டியா? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மச்சான். கை வேலையா இருந்தேன்."

"என்ன கை வேலை? மூணு தடவ அடிக்கிறேன்!"

"பந்து போட்டுக்கிட்டு இருந்தேன். தேவி வந்துருக்குன்னு சொன்னேன்ல. நூறு போட்டோம், ஒண்ணுகூட வுழல." கொஞ்சம் நிறுத்தினார். "எறிஞ்சா புடிக்கிறதுக்கு எதிர்ல ஆளு இருந்துச்சு மச்சான். அதான் எடுக்கல."

போனில் தூரத்தில் ஏதோ டம்ளர் வைக்கிற ஓசை, யாரோ அரபியில் கூப்பிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். லாத்தாவும் அப்படித்தான் நினைத்தார் என்பது பந்தை அவர் இறுக்கிப் பிடித்திருந்ததில் தெரிந்தது.

"மைமூனு," என்றார் அவர் மெதுவாக. "அது எந்தக் கையால எறியணும்?"

லாத்தா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எந்தக் கையானாலும் சரி மச்சான்," என்றார் லாத்தா, சுவர் மேலிருந்த சோளப் பந்தை எடுத்து என் பையில் போட்டபடி. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எறியாம இருந்தா போதும்."